களமும் வகுப்பறையே

நுழையும்முன்

பட்டம் பெற்ற இளைஞர் வேலை தேடிச் செல்லும்போது அவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "முன் அனுபவம் உண்டா?" என்பதாகும். வேலை கிடைத்தால்தான் அனுபவம் வரும். அனுபவம் இருந்தால்தான் வேலை கிடைக்கும். இச்சுழலிலிருந்து மாணவரை விடுவிக்க, படிக்கும் காலத்திலேயே அவரைப் பணியிடத்திற்கு அனுப்பும் முறை உலகின் பல நாடுகளில் வழக்கத்தில் உள்ளது. அம்முறை எதைக் கற்றுத்தருகிறது? எப்போது அது கல்வியாகிறது? எப்போது வெறும் சான்றிதழாகச் சுருங்குகிறது? செங்கல்பட்டையும் மாமல்லபுரக் கடற்கரையையும் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

மாமல்லபுரத்திற்குச் செல்வோர் கடற்கரைக் கோயிலையும் ஐந்து இரதங்களையும் அர்ச்சுனன் தபசு என வழங்கும் பாறைச் சிற்பத்தையும் கண்டு வியப்பர். சிற்பம் பயிலும் மாணவரோ அங்கு முற்றுப்பெறாமல் நிற்கும் குடைவரைகளின் முன்னும் நெடுநேரம் நிற்க வேண்டும். பாறையின் முகப்பைக் கட்டங்களாகப் பகுத்து, கட்டங்களைச் சுற்றி ஆழமாக வெட்டி, இடையில் எஞ்சிய கல்லை உடைத்து நீக்கிச் சிற்பிகள் முன்னேறிய முறை அங்கே கண்கூடாகத் தெரிகிறது. தருமராச இரதத்தின் மேல்நிலைகள் நுட்பமாக நிறைவுற்றிருக்க, அதன் கீழ்ப்பகுதி முழுமை பெறாமல் இருக்கிறது. மேலிருந்து கீழாகவே செதுக்கினர் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுவதில்லை. முடிந்த சிற்பம் கலையைக் காட்டுகிறது. முடியாத சிற்பம் வேலையைக் காட்டுகிறது.

பல்கலைக்கழக வகுப்பறையில் மாணவர் பெரும்பாலும் காண்பவை முடிந்த சிற்பங்களே. நிறுவப்பட்ட தேற்றம், தீர்ப்பு வழங்கப்பட்ட வழக்கு, வரவும் செலவும் சரியாக நேர்செய்யப்பட்ட கணக்கு ஆகியவை அவர்முன் வைக்கப்படுகின்றன. அவை உருவானபோது நேர்ந்த தடுமாற்றங்களும் பாதியில் கைவிடப்பட்ட முயற்சிகளும் பாடநூலில் இடம்பெறுவது அரிது. பணியிடத்தில் அவரே அந்தத் தடுமாற்றத்தின் நடுவில் நிற்கிறார். பட்டப்படிப்பின் ஒரு பகுதியைப் பணியிடத்தில் கழிக்க வேண்டும் என்று கூறுவதற்கு இதுவே முதற்காரணம். அப்பயிற்சி எல்லா மாணவருக்கும் நேர்மையான முறையில் கிடைக்க வேண்டும் என்பதும் இதனோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டியது.

கல்லூரியும் பட்டறையும்

மாமல்லபுரத்தில் அரசினர் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி உள்ளது. 1957ஆம் ஆண்டில் பயிற்சி மையமாகத் தொடங்கப்பெற்றுப் பின்னர்ப் பட்டம் வழங்கும் கல்லூரியாக வளர்ந்த நிறுவனம் இது. தலைமுறை தலைமுறையாகத் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே சென்றுகொண்டிருந்த கலை, விரும்பி வரும் எவருக்கும் உரியதாக இங்கு ஆயிற்று. ஊரின் தெருக்களிலோ சிற்பப் பட்டறைகள் நிறைந்துள்ளன. மாமல்லபுரக் கற்சிற்பங்கள் 2017இல் புவிசார் குறியீடு பெற்றன.

கல்லூரி தருவதும் பட்டறை தருவதும் ஒன்றல்ல. உருவத்தின் முகத்தை அலகாகக் கொண்டு முழு உடலின் அளவையும் கணக்கிடும் தாள முறையைக் கல்லூரி கற்பிக்கும். தட்டினால் மணிபோல் ஒலிக்கும் கல்லையும் மந்தமாக ஒலிக்கும் கல்லையும் நூல் வகைப்படுத்திச் சொல்லும். ஆனால் அந்த ஓசை வேறுபாட்டைக் காதுக்குப் பழக்குவது பட்டறை. மழுங்கிய உளியை உலையில் காய்ச்சித் தோய்த்துக் கூராக்குவதும், கல்லின் உள்ளே ஓடும் விரிசலை முன்னுணர்ந்து உளியின் சாய்வை மாற்றுவதும், குறித்த நாளில் கேட்டவரிடம் சிலையை ஒப்படைப்பதும் பட்டறையில்தான் கைவரும்.

இவ்விரண்டும் ஒருவரிடத்தில் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு வை. கணபதி ஸ்தபதி நல்ல சான்று. 1927இல் பிள்ளையார்பட்டியில் சிற்பிகள் மரபில் பிறந்த அவர், கணிதம் பயின்ற பட்டதாரி. மாமல்லபுரக் கல்லூரியின் முதல்வராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். குமரிமுனையில் கடல்நடுவே 133 அடி உயரத்தில் நிற்கும் திருவள்ளுவர் சிலை அவர் வடிவமைத்தது. 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் அது திறக்கப்பெற்றது. காற்றும் அலையும் ஓயாது மோதும் பாறையின்மேல் அவ்வளவு உயரத்திற்குக் கல்லை அடுக்க, பட்டறையில் பழகிய கையும் வேண்டும்; எடையையும் சமநிலையையும் கணக்கிடும் அறிவும் வேண்டும். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்னும் பழமொழியைச் சொல்லி நூலறிவை எளிதில் ஒதுக்கிவிடுவோர் உண்டு. ஏட்டையும் தோட்டத்தையும் அறிந்தவரே நல்ல சுரைக்காயை விளைவிக்கிறார் என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

மருத்துவமனையில் ஓராண்டு

களப்பயிற்சியைப் பட்டத்தின் பிரிக்க முடியாத உறுப்பாக ஏற்றுக்கொண்ட படிப்புகளில் தலையாயது மருத்துவம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி 1965இல் தொடங்கப்பெற்றது. நாட்டின் பிற மருத்துவக் கல்லூரிகளில் உள்ளதைப்போலவே, இங்கும் நான்கரை ஆண்டுப் படிப்பை முடித்து இறுதித் தேர்வில் வென்ற மாணவர் உடனே முழுமையான மருத்துவராகிவிடுவதில்லை. பொதுமருத்துவம், அறுவை மருத்துவம், மகப்பேறு, குழந்தை மருத்துவம், சமுதாய மருத்துவம் எனத் துறைதோறும் சுழற்சி முறையில் ஓராண்டு பயிற்சி மருத்துவராகப் பணியாற்ற வேண்டும். அதன் பின்னரே நிலையான பதிவு கிட்டும். அந்த ஓராண்டிற்கு உதவித்தொகையும் வழங்கப்படுகிறது.

இந்த ஏற்பாட்டின் காரணத்தை எண்ணிப் பாருங்கள். தேர்வுத்தாளில் நோயின் அறிகுறிகள் வரிசையாகத் தரப்பட்டிருக்கும். மருத்துவமனைக்கு வரும் மூதாட்டியோ, "மூன்று நாளாக ஒரு மாதிரியாக இருக்கிறது" என்று மட்டுமே சொல்வார். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் நோயைக் கண்டறிய, அவருடைய பேச்சையும் அச்சத்தையும் சொல்லாமல் மறைப்பதையும் கேட்டறியும் பொறுமை வேண்டும். தேர்வில் தவறான விடை எழுதினால் மதிப்பெண் குறையும். இங்குத் தவற்றின் விளைவை வேறொருவர் தம் உடலில் தாங்க நேரும். எனவேதான் மூத்த மருத்துவர் அருகிலிருந்து மேற்பார்க்கிறார். தம் செயலுக்காகப் பிறருக்குப் பொறுப்பேற்கும் இந்த உணர்வே பணி அனுபவத்தின் முதன்மையான பயன். பட்டு அறிவதனாலேயே அதனைப் பட்டறிவு என்றனர்.

ஆசிரியர் கல்வியும் இதே வழியில் நடக்கிறது. 2014ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இரண்டாண்டாக நீண்ட பி.எட். படிப்பில் 20 வாரங்கள் பள்ளி சார்ந்த பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டன. வேளாண்மை பயிலும் இறுதியாண்டு மாணவர் சிற்றூர்களுக்குச் சென்று உழவரோடு பழகிக் கற்கின்றனர். கிராமத் தங்கல் திட்டம் என்று அது வழங்கப்படுகிறது. மண் மாதிரி எடுக்கும் முறையையும் விதைநேர்த்தியையும் அவர்கள் உழவருக்குச் செய்துகாட்டுகின்றனர். மழை பொய்த்த ஆண்டில் எந்த நிலத்தை விதைப்பது, எதைத் தரிசாக விடுவது என்னும் கணக்கை உழவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கின்றனர். உயிரோடும் உணவோடும் குழந்தையின் வளர்ச்சியோடும் தொடர்புடைய படிப்புகளுக்குக் களம் இன்றியமையாதது என நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம். ஏனைய படிப்புகளுக்கு அது வேண்டா என்று கருதுவதற்கு என்ன காரணம் இருக்கிறது?

பட்டம் பெறாத பேராசிரியர்கள்

மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை நோக்கிச் செல்லும் வழியில் வடநெம்மேலி என்னும் ஊர் உள்ளது. 1976இல் நிறுவப்பெற்ற சென்னை முதலைப் பண்ணை அங்கு இருக்கிறது. அதன் வளாகத்தில், இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கிவருகிறது. பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டபின் வாழ்வாதாரம் இழந்த இருளர் மக்களின் தொழிலறிவு, உயிர்காக்கும் பணிக்குத் திரும்பிய இடம் அது. பிடித்துவரும் பாம்புகளைச் சில வாரங்கள் வைத்திருந்து நஞ்செடுத்தபின், மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சு பாம்புக்கடிக்கான முறிமருந்து தயாரிக்கப் பயன்படுகிறது.

செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திற்கு அழைக்கப்பட்டனர். அங்குப் பெருகி, உள்நாட்டு உயிரினங்களை அழித்துவந்த பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்கும் பணியில், புளோரிடாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் அவர்கள் ஈடுபட்டனர். மண்ணில் படிந்த தடத்தையும் புல்லின் சாய்வையும் கொண்டு பாம்பு சென்ற திசையை உரைக்கும் அறிவு அவர்களுடையது. 2023இல் இந்திய அரசு அவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

பல்கலைக்கழகமே அவர்களிடம் கற்க முன்வந்தது என்றால், நம் விலங்கியல் மாணவர் அத்தகையோரிடம் கற்பதில் என்ன தாழ்வு? களத்திற்குச் செல்லும் மாணவருக்கு அங்கு ஆசிரியராக அமைபவர் பல நேரங்களில் பட்டம் பெறாதவராகவே இருப்பார். கட்டுமானப் பொறியியல் மாணவருக்குக் கொத்தனாரும், மீன்வளம் பயில்வோருக்குப் படகோட்டும் மீனவரும், செவிலியர் மாணவிக்கு மூத்த மருத்துவமனைப் பணியாளரும் கற்றுத்தர நிறையச் செய்திகள் வைத்திருக்கின்றனர். பெற்றோர் செய்யும் கைத்தொழிலைச் சொல்லக் கூசும் நிலை மாணவரிடையே இன்றும் இருக்கிறது. அத்தொழிலுக்குள் எத்துணை அறிவு பொதிந்திருக்கிறது என்பதை நேரில் காணும்போது அக்கூச்சம் நீங்கும், நீங்க வேண்டும்.

கலைப்பாடங்களுக்கும் களம் உண்டு

தமிழோ வரலாறோ பயில்வோருக்குப் பணியிடம் எங்கே என்று சிலர் கேட்பர். மாமல்லபுரத்திற்கு அருகிலுள்ள சாளுவன்குப்பம் இதற்கு விடை தருகிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையை அரித்துச் சென்றபின் அங்குப் பாறையொன்றில் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அவற்றைப் படித்தபோது, அவ்விடத்தில் முருகன் கோயில் ஒன்று இருந்தமை தெரிந்தது. அக்குறிப்பைத் தொடர்ந்து தொல்லியல் துறையினர் அருகிலிருந்த மணல்மேட்டை அகழ்ந்தனர். பழைமையான செங்கற்கோயிலின் எச்சங்கள் கிடைத்தன.

எங்கே தோண்ட வேண்டும் என்று மண்வெட்டிக்கு வழிகாட்டியது எழுத்தறிவே. பழந்தமிழ் எழுத்துகளைப் படிக்கவும், சொல்லின் பொருள் காலந்தோறும் மாறியதை அறியவும் வல்ல மாணவருக்கு அகழாய்வுக் களத்திலும் அருங்காட்சியகத்திலும் ஆவணக்காப்பகத்திலும் வேலை இருக்கிறது. முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா, தென்னிந்தியாவின் மரபு வீடுகளையும் கைவினைகளையும் 1996 முதல் காட்சிப்படுத்திவருகிறது. இத்தகைய இடங்களில் பார்வையாளருக்கு விளக்கம் எழுதிப் பழகும் மாணவர், தாம் கற்றதைக் கற்காதவருக்கும் புரியும்படி எடுத்துரைக்கும் கலையைப் பெறுவார். மொழி பயின்றவருக்கு அதைவிடச் சிறந்த தேர்வு வேறில்லை.

தொழிற்சாலைக்கு ஆள் சேர்ப்பதா?

இக்கருத்தை மறுப்போர் முன்வைக்கும் வாதம் ஒன்று உண்டு. பல்கலைக்கழகம் சிந்திக்கக் கற்பிக்கும் இடம். நிறுவனங்களுக்கு வேண்டிய ஆட்களைத் தயாரித்து அனுப்புவது அதன் வேலையன்று என்பர். இதில் உண்மை இருக்கிறது. மறைமலைநகரில் இயங்கிய ஃபோர்டு மகிழுந்துத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் மகிழுந்து உற்பத்தியை நிறுத்துவதாக அந்நிறுவனம் 2021 செப்டம்பரில் அறிவித்தது. 2022இல் அத்தொழிற்சாலையில் உற்பத்தி நின்றது. ஒரு நிறுவனத்தின் ஓர் இயந்திரத்தை மட்டுமே இயக்கக் கற்றவரின் கல்வி, அந்நிறுவனத்தின் வாயிற்கதவு மூடும்போது தானும் நின்றுவிடும்.

ஆயின், இது களப்பயிற்சியை விலக்குவதற்குக் காரணமாகாது. அதனைச் சரியாக அமைப்பதற்கே காரணமாகும். 1906இல் அமெரிக்காவின் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் எர்மன் சினைடர் என்னும் பேராசிரியர், 27 பொறியியல் மாணவரைக் கொண்டு ஒரு முறையைத் தொடங்கினார். மாணவர் ஒரு வாரம் வகுப்பறையிலும் மறுவாரம் தொழிற்கூடத்திலும் மாறிமாறிக் கற்றனர். அதன் சிறப்பு அந்த மாறிமாறிச் செல்லுதலில் இருந்தது. தொழிற்கூடத்தில் எழுந்த ஐயத்தோடு மாணவர் வகுப்பறைக்குத் திரும்பினார். வகுப்பறையில் பெற்ற விளக்கத்தோடு மீண்டும் தொழிற்கூடத்திற்குச் சென்றார். "இப்படிச் செய்" என்று பணியிடம் சொல்கிறது. "ஏன் அப்படிச் செய்ய வேண்டும்?" என்று வகுப்பறை கேட்கத் தூண்டுகிறது. காரணம் அறிந்தவர் ஒரு தொழிற்சாலை மூடினாலும் மற்றொன்றில் நிற்பார். புதிதாக ஒன்றைத் தொடங்கவும் துணிவார்.

யாருக்குக் கிடைக்கிறது?

களப்பயிற்சியின் பயனைப் போற்றும் பலரும் பேசாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. நல்ல பணியிடங்கள் பெரும்பாலும் அறிமுகத்தின் வழியே கிடைக்கின்றன. தந்தையின் நண்பர் நிறுவனத்தில் உயரதிகாரியாக இருக்கும் மாணவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியில் கால்வைத்த மாணவருக்கு அத்தகைய உறவு எங்கிருந்து வரும்? ஊதியமில்லாத பயிற்சி என்றால், இரண்டு மாதம் பேருந்துக் கட்டணமும் உணவுச் செலவும் அறை வாடகையும் தரக்கூடிய குடும்பத்துப் பிள்ளைகளே அதில் சேர முடியும். விடுமுறையில் வேலைக்குச் சென்று அடுத்த பருவக் கட்டணத்தைச் சேர்க்கும் மாணவர் வெளியே நின்றுவிடுவார். ஏற்றத்தாழ்வைக் குறைக்க வேண்டிய கல்வி, இவ்வாறு அதனை வளர்க்கவும் கூடும்.

வேறு இரு கேடுகளும் உள்ளன. பயிற்சி என்ற பெயரில் மாணவரை அழைத்து, எதையும் கற்பிக்காமல் நாள் முழுதும் படியெடுக்கவும் தேநீர் வாங்கிவரவும் வைப்பது ஒன்று. பணியிடத்தின் வாயிலைக்கூட மிதிக்காமல் பணம் கொடுத்துச் சான்றிதழும் திட்ட அறிக்கையும் பெறுவது மற்றொன்று. முதலாவதில் மாணவர் ஏமாற்றப்படுகிறார். இரண்டாவதில் அவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார். சான்றிதழில் உள்ளதைக் கையால் செய்துகாட்டச் சொல்லும் நாளில் அவ்வேமாற்று வெளிப்பட்டுவிடும்.

தெரிந்து தெளிவோம்

தொழிற்பழகுநர் சட்டம் இந்தியாவில் 1961இல் இயற்றப்பெற்றது. பட்டதாரிகளும் பட்டயப்படிப்பு முடித்தோரும் 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே இதனுள் கொண்டுவரப்பட்டனர். இச்சட்டத்தின்படி தொழிற்பழகுநருக்கும் நிறுவனத்திற்கும் இடையே ஒப்பந்தம் உண்டு, உதவித்தொகையும் உண்டு. தமிழ்நாடு அரசு 2022 மார்ச் முதல் நாள் தொடங்கிய "நான் முதல்வன்" திட்டம், பள்ளி, கல்லூரி மாணவருக்குத் திறன் பயிற்சியும் வழிகாட்டலும் அளிக்கிறது. பணியிடத்தில் பெண்களைப் பாலியல் துன்புறுத்தலிலிருந்து காக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பயிற்சி பெறுவோரையும் உள்ளடக்கியது.

செய்ய வேண்டுவன

எனவே, களப்பயிற்சி கல்வியாக விளங்குவதற்கு நான்கு செயல்கள் இன்றியமையாதவை எனக் கருதுகிறேன். முதலாவதாக, இடம் தேடித் தரும் பொறுப்பைக் கல்லூரி ஏற்க வேண்டும். மாணவரின் உறவும் செல்வாக்கும் அதைத் தீர்மானிக்கலாகாது. இரண்டாவதாக, உதவித்தொகை இல்லாத பயிற்சி கூடாது. பயணச் செலவுக்கும் உணவுக்குமேனும் அது போதுமானதாக இருக்க வேண்டும். பயிற்சி மருத்துவருக்கு இயலும் ஒன்று, பயிற்சி பெறும் பிற மாணவருக்கும் இயல வேண்டும். மூன்றாவதாக, பணியிடத்தில் மாணவருக்கு வழிகாட்ட ஒருவர் பொறுப்பாக அமர்த்தப்பட வேண்டும். கல்லூரி ஆசிரியரும் அங்குச் சென்று பார்வையிட வேண்டும். நான்காவதாக, வருகைச் சான்றிதழைக் காட்டிலும் மாணவர் நாள்தோறும் எழுதும் பணிக்குறிப்பேட்டிற்கே மதிப்பு தரப்பட வேண்டும். இன்று என்ன செய்தேன், எது புரியவில்லை, யார் விளக்கினார், அதனை நூல் எவ்வாறு விளக்குகிறது என்று எழுதப்படும் ஏடு, விலைக்குக் கிடைக்காது.

இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதன்று. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்திற்குச் செல்லும் முப்பது கிலோமீட்டர் அளவிலான வட்டாரத்திலேயே மருத்துவமனை, தொழிற்பேட்டை, வயல்வெளி, சிற்பப் பட்டறை, மீனவர் குப்பம், தொல்லியல் சின்னம் அனைத்தும் உள்ளன. 2019இல் தனி மாவட்டமாக உருவான செங்கல்பட்டு, இடங்களுக்குக் குறைவில்லாத மாவட்டம். கல்லூரிக்கும் இவ்விடங்களுக்கும் இடையே முறையான பாலம் அமைவதே தேவை. தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்தை எடுத்துக்கொண்டாலும் அங்குள்ள தொழில்களைக் கொண்டு இத்தகைய பட்டியலை எழுதிவிடலாம்.

இன்னும் ஓராண்டில் நீங்கள் பள்ளிக் கல்வியை முடித்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பீர்கள். கட்டடத்தின் உயரத்தையும் விளம்பரத்தின் பளபளப்பையும் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். "களப்பயிற்சிக்கு எங்கே அனுப்புவீர்கள்? எத்தனை வாரம்? உதவித்தொகை உண்டா? எங்கள் ஆசிரியர் அங்கு வந்து பார்ப்பாரா?" என்று கேளுங்கள். கூச்சமின்றிக் கேளுங்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வருபவருக்கு இவ்வினாக்களைக் கேட்கும் உரிமை ஏனையோரைவிடக் கூடுதலாகவே உண்டு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நடைபெறும் தொழில்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதனைச் செய்பவரிடம் உரையாடி, அத்தொழிலுக்கே உரிய இருபது சொற்களைப் பொருளுடன் தொகுக்க.
2. நீங்கள் பயில விரும்பும் பட்டப்படிப்புக்கு ஏற்ற பணியிடங்கள் உங்கள் மாவட்டத்தில் எவை எனப் பட்டியலிடுக.
3. "பட்டப்படிப்பில் களப்பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும்" என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நடத்துக.